பாட்டுக்காக வளைந்த சரித்திரம்: வாசகர் கேள்வி – பதில்

நாடுகளின் சரித்திரத்தை வைத்து எழுதப்பட்ட மேடை இசை நாடகங்களைப் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தோம். பாராட்டு, வசவு இரண்டும் கலந்துதான் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கே: அமெரிக்காவின் முதல் கருவூலச் செயலர் ஹாமில்டனைப் பற்றிய ‘ஹாமில்டன்’ பார்த்து மயங்கிப்போனேன். அப்புறம் சும்மா இருக்காமல் தேடிப் படித்தால், மைத்துனி ஏஞ்சலிகா கதை பொய், கடைசிச் சண்டைக்குச் சொன்ன காரணம் பொய், தேதிகள் முன்னுக்குப் பின். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படலாமா?

ப: தாராளமாக. ஆனால் எதற்கு எவ்வளவு கோபம் என்று பிரித்துக்கொண்டு கோபப்படுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கோபம் என்றால் அது வீண்.

முதலில் ஏஞ்சலிகா. ஹாமில்டனைப் பார்த்ததும் மனசைப் பறிகொடுக்கிறார், ஆனால் அப்பாவுக்கு மகன்கள் இல்லை, மூத்தவள் நான்தான் பணக்காரனைக் கட்டியாக வேண்டும் என்று கணக்குப் போட்டு, தங்கை எலைசாவுக்கு விட்டுக்கொடுக்கிறார். மேடையில் இந்த இடத்தில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். நிஜத்தில் ஏஞ்சலிகா 1777-லேயே ஜான் சர்ச் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார், அதுவும் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய். ஹாமில்டன் எலைசாவைக் காதலிக்க ஆரம்பித்ததோ 1780-ல். அப்பா ஃபிலிப் ஸ்கைலருக்கு மகன்களும் இருந்தார்கள். ஆக அந்தத் தியாகத்துக்கு நிஜத்தில் இடமே இல்லை.

இதே நாடகத்தில் இன்னொரு குட்டி விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹாமில்டன் கடிதத்தில் தப்பான இடத்தில் ஒரு காற்புள்ளி விழுந்திருப்பதாகவும், அது வேண்டுமென்றே போட்டதா என்று ஏஞ்சலிகா தவிப்பதாகவும் வரும். நிஜத்தில் காற்புள்ளியைப் போட்டது ஏஞ்சலிகா. அதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கடிதத்தில் ஒரு முக்கியமான காற்புள்ளி இருந்ததே என்று 1787 டிசம்பரில் குறும்பாக எழுதியவர்தான் ஹாமில்டன். ஆளை மாற்றிவிட்டார்கள், ஆனால் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒரு விளையாட்டு இருந்தது நிஜம். கல்யாணத் தேதியைப் புரட்டிப் போட்டாலும் அந்த உறவின் வாசனையைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

தேதிக் குளறுபடிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மகன் ஃபிலிப் இறந்தது 1801 நவம்பரில், மேடையிலோ 1800 தேர்தலுக்கு முன்பே இறந்துவிடுகிறான். ஆடம்ஸ் ஹாமில்டனை வேலையை விட்டுத் தூக்கியதாக வருகிறது, ஆனால் ஆடம்ஸ் ஜனாதிபதியானதே 1797-ல்தான், ஹாமில்டன் கருவூலப் பொறுப்பை 1795-லேயே ராஜினாமா செய்துவிட்டார். மரியா ரெனால்ட்ஸ் என்ற பெண்ணோடு இருந்த கள்ள உறவு விவகாரத்தில் ஹாமில்டனை நேரில் போய்க் கேள்வி கேட்டவர்கள் மன்ரோவும் வேறு இரண்டு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களும், மேடையில் ஜெஃபர்சன், மேடிசன், பர். ஹாமில்டனின் அரசியல் எதிரியான பர் அந்தக் கடைசித் துப்பாக்கிச் சண்டைக்குச் சவால் விட்டதும் 1800 தேர்தலுக்காக அல்ல. 1804-ல் நியூயார்க் ஆளுநர் தேர்தல் நேரத்தில், ஒரு விருந்தில் ஹாமில்டன் தன்னைப் பற்றிக் கேவலமாகப் பேசியதாகப் பத்திரிகையில் வந்துவிட்டது என்றுதான் சண்டைக்கு நின்றார். இதெல்லாம் நாற்பது ஐம்பது பாத்திரங்களை மேடைக்குத் தேவையான பத்துப் பேருக்குள் அடக்கச் செய்த வேலை. எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை.

என் கோபம் எங்கே என்றால், ஸ்கைலர் வீட்டில் அடிமைகள் வேலை செய்தார்கள், அந்த வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் உரிமை, சமத்துவம் என்று துள்ளிக்கொண்டு பாடுகிறார்கள், அடிமையாக இருந்த ஒருத்தர்கூட வாய் திறந்து பேசும் பாத்திரமாக அதில் இல்லை. நடிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என்பது அருமையான யோசனைதான். ஆனால் நிஜமான கறுப்பின மனிதர்கள் கதையில் இல்லாததை அதுவே மறைத்தும் விடுகிறது என்று சில வரலாற்று ஆய்வாளர்கள் சொன்னார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. ஒரு மாற்றத்தால் யார் மேல் பழி கூடுகிறது, யார் மேலிருந்து பழி இறங்குகிறது? இரண்டும் இல்லையென்றால் ஆசிரியருக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன். ஏதாவது ஒன்று இருந்தால் விடமாட்டேன்.

கே: அமெரிக்கச் சுதந்திர அறிக்கையைப் பற்றிய ‘1776’ பழைய நாடகம், எழுதியவர் சரித்திர வாத்தியாராக இருந்தவர், அதனால் அதில் தப்பே இருக்காது என்கிறான் நண்பன். நிஜமா?

ப: ஷெர்மன் எட்வர்ட்ஸ் வரலாறு கற்பித்தவர் என்பது நிஜம். பாட்டும் இசையும் அவர், வசனம் பீட்டர் ஸ்டோன், 1969-ல் பிராட்வேயில் வந்தது. தப்பே இருக்காது என்பதைத்தான் நண்பர் கூடச் சேர்த்துவிட்டார்.

ஜூலை 4 அன்று எல்லோரும் வரிசையாக வந்து கையெழுத்துப் போடுவதாக முடியும். சுதந்திரத்துக்கு வாக்களித்தது ஜூலை 2, வாசகத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலானவர்கள் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. நியூயார்க்கோ ஜூலை 9-ல்தான் சரி என்றது. இது பாடப் புத்தகம் படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கும் கதை என்பதால் நாடகத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. ஜெஃபர்சன் மனைவி மார்த்தா ஃபிலடெல்ஃபியாவுக்கு வருவதாக வரும். அவர் வரவில்லை, உடம்பு சரியில்லாமல் வர்ஜீனியாவில் இருந்தார். அதையும் விட்டுவிடுவோம், ஒரு காதல் பாட்டு தேவைப்பட்டது.

ஆனால் ஜேம்ஸ் வில்சன்! பென்சில்வேனியாக்காரர். மேடையில் அவர், சுதந்திரத்தை எதிர்த்த சக பிரதிநிதி டிக்கின்சன் சொல்லுக்கு ஆடும் தொடைநடுங்கி. கடைசி நேரத்தில், சுதந்திரத்தைத் தடுத்தவன் என்று என் பேர் சரித்திரத்தில் நிற்க வேண்டாம் என்ற பயத்தில் மட்டும் கட்சி மாறுகிறார். அரங்கமே சிரிக்கும். நிஜ வில்சன், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எங்கள் மேல் அதிகாரம் கிடையாது என்று வாதாடி 1774-லேயே பிரசுரம் போட்டவர். பிறகு அரசியல் சாசனத்திலும் கையெழுத்துப் போட்டார், முதல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஒருவராகவும் இருந்தார். அன்றைக்குப் பென்சில்வேனியா ஓட்டு மாறியதற்குக் காரணமும் வேறு: டிக்கின்சனும் ராபர்ட் மாரிஸும் வாக்கெடுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள், மிச்சம் இருந்த ஐந்து பேரில் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தது. கிளைமாக்ஸுக்கு ஒரு கோழை வேண்டும் என்பதற்காக நிஜமான ஒரு மனுஷனின் பேரை எடுத்துக்கொண்டார்கள். செத்து இருநூறு வருஷமாகிவிட்ட மனுஷன், வழக்குப் போட வரமாட்டார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அடிமை வியாபாரத்துக்கு மன்னர்தான் காரணம் என்று கண்டித்து ஜெஃபர்சன் எழுதிய பத்தி, அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. நாடகத்தில் தெற்கத்திப் பிரதிநிதிகள் வெளிநடப்பு செய்கிறார்கள், அந்தப் பத்தியை அடித்தால்தான் சுதந்திரத்துக்கு ஓட்டு என்று பேரம் பேசுகிறார்கள், ஆடம்ஸும் ஃபிராங்ளினும் வேறு வழியில்லாமல் தலையாட்டுகிறார்கள், அப்புறம்தான் வாக்கெடுப்பு. உருக்கமான காட்சி. நிஜத்தில் வரிசை தலைகீழ். ஜூலை 2-ல் சுதந்திரத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் அறிக்கையின் வாசகத்தை எடுத்து வரிக்கு வரி வெட்டினார்கள், அந்தப் பத்தி போனதும் அப்போதுதான்.

சும்மா இரண்டு நாள் முன்னே பின்னே என்று தோன்றும். ஆனால் காட்சியை இப்படி அடுக்கியதும் என்ன ஆகிறது என்று பாருங்கள்: அந்தப் பத்தி சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை ஆகிவிடுகிறது. கொடுக்காவிட்டால் நாடே இல்லை என்ற நியாயம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிஜ வரிசையில் அந்த நியாயம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. போதாததற்கு, ஜெஃபர்சன் என் அடிமைகளை விடுவிக்க முடிவு செய்துவிட்டேன் என்று மேடையில் சொல்வார். வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் அவர். உயிரோடு இருந்தபோது விடுவித்தது இரண்டு பேரை, உயிலில் ஐந்து பேரை. அந்த ஒரு வரி வசனத்தை எப்படித்தான் எழுத மனசு வந்ததோ.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே நாடகத்தில் தெற்கத்தி இளைஞர் ரட்லெட்ஜ் எழுந்து, அடிமைக் கப்பல்களில் லாபம் பார்ப்பது உங்கள் பாஸ்டன்காரர்கள்தானே என்று வடக்கத்தியவர்களின் முகத்துக்கு நேரே பாடுவார். அது நிஜம், அந்தக் காலத்துக்குத் துணிச்சலும்கூட.

கே: ‘லே மிசரபிள்’ பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றியதுதானே? அதில் மன்னர் தலையை வெட்டுவது ஏன் இல்லை?

ப: அது 1789 புரட்சி இல்லை. 1832 ஜூன் 5, 6 தேதிகளில் பாரிஸில் நடந்து, நசுக்கப்பட்ட கிளர்ச்சி. ஜெனரல் லமார்க்கின் சவ ஊர்வலத்தில் ஆரம்பித்தது. வெட்டுவதற்குத் தலை எதுவும் அவர்கள் கையில் சிக்கவில்லை.

கே: ‘தி கிங் அண்ட் ஐ’ தாய்லாந்தில் தடை. ஒரு நாடகத்துக்குப் போய் இவ்வளவு கோபமா?

ப: தடை செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை, எதையும் தடை செய்வதில் கிடையாது. ஆனால் கோபம் புரிகிறது.

மேடையில் வரும் சயாம் (தாய்லாந்தின் பழைய பேர்) மன்னர் நல்ல மனசுள்ள, முரட்டுத்தனமான, பாதிக் குழந்தை மாதிரியான ஆள். அன்னா என்ற ஆங்கிலேய ஆசிரியை வந்து அவருக்கு நாகரிகம் சொல்லிக்கொடுக்கிறார். நிஜ மன்னர் மோங்குட் அரியணைக்கு வருவதற்கு முன்பு 27 வருஷம் துறவியாக இருந்தவர். லத்தீனும் ஆங்கிலமும் படித்தவர், வானவியலில் ஊறியவர். 1868 ஆகஸ்ட் 18-ல் வரப்போகும் முழுச் சூரிய கிரகணத்தைத் தானே கணக்குப் போட்டுச் சொன்னார். அதைப் பார்க்க ஐரோப்பிய விருந்தினர்களையும் அழைத்துக்கொண்டு கடற்கரைக் காட்டுக்குப் போனார், கணக்கு சரியாக இருந்தது, ஆனால் அங்கே பிடித்த மலேரியாவில் அக்டோபர் 1-ல் இறந்துபோனார். இதைவிட நாடகத்துக்கு ஏற்ற சாவு எந்த ராஜாவுக்கு வாய்க்கும்? ஆனால் மேடையில் அவர் அன்னா பக்கத்தில் இருக்க, மனம் உடைந்து சாகிறார். அன்னா 1867-லேயே சயாமை விட்டுக் கிளம்பிவிட்டார்.

யானை விஷயமும் அப்படித்தான். மேடையில் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு உதவியாக லிங்கனுக்கு யானை அனுப்புகிறேன் என்பார், நமக்குச் சிரிப்பு வரும். நிஜக் கடிதம் 1861 பிப்ரவரியில், போர் தொடங்கும் முன்பே, அப்போதைய ஜனாதிபதி புக்கானனுக்கு எழுதப்பட்டது. உங்கள் காடுகளில் யானைகளை விட்டுப் பெருக்கினால் பாரம் சுமக்க உதவும் என்பதுதான் அதில் இருந்த யோசனை. கடிதம் போய்ச் சேர்ந்தபோது லிங்கன் வந்திருந்தார், எங்கள் தட்பவெப்பம் யானைக்கு ஒத்துவராது, நீராவி இயந்திரம் இருக்கிறது என்று 1862-ல் மரியாதையாகப் பதில் போட்டார். இரண்டு அரசுகள் பேசிக்கொண்ட ஒரு கண்ணியமான கடிதப் போக்குவரத்து கோமாளித்தனமாகிவிட்டது.

இதற்கெல்லாம் மூலம் அன்னாவே எழுதிய நினைவுக் குறிப்புகள், அதை வைத்து 1944-ல் வந்த நாவல், அதை வைத்து 1951-ல் இசை நாடகம். மூன்று கை மாறிய சரக்கு. அன்னா தன்னைப் பற்றியே நிஜத்தைச் சொல்லவில்லை. வேல்ஸில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார், பிறந்தது இந்தியாவில், அகமத்நகரில். என் அளவுகோலை இங்கே வைத்தால் முள் எகிறிவிடும்: சயாம் தன் சொந்த அறிவால் செய்த சீர்திருத்தங்களின் பெருமை முழுக்க வெளியிலிருந்து வந்த ஒருத்தர் கணக்குக்குப் போய்விட்டது. தாய்லாந்துக்காரர்களுக்கு வலிக்காமல் எப்படி இருக்கும்.

கே: எவிட்டா நாடகத்தில் சே கெவாரா வந்து கிண்டலடிக்கிறாரே, அவர்கள் நண்பர்களா?

ப: நிஜத்தில் அப்படி ஒரு தொடர்பே கிடையாது. எவிட்டா என்கிற ஈவா பெரோன், அர்ஜென்டினா ஜனாதிபதியின் மனைவி, புகழின் உச்சியில் இருந்தபோது சே பெயர் தெரியாத மருத்துவ மாணவர். கதைக்கு நடுவில் நின்று குத்திக்காட்ட ஒரு குரல் வேண்டும் என்று வைத்தார்கள். 1978 லண்டன் மேடையில் தொப்பி, தாடி என்று அச்சு அசலாக சே. 1996 படத்தில் சே என்ற பேர் மட்டும், ஆள் சாதாரணக் குடிமகன். இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதில் எனக்கு உறுத்துவது சே கெவாரா இல்லை. ஈவாவின் அறக்கட்டளையில் பணம் எப்படிப் புரண்டது என்பதற்கு ஒரு முழுப்பாட்டு இருக்கிறது, செமத்தியான பாட்டு. அர்ஜென்டினாவில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்த 1947 சட்டத்துக்காக அவர் முன்னின்று பேசியதற்கு ஒரு பாட்டு கிடையாது. சொன்னதில் தப்பு என்று எதையும் காட்ட முடியாது, சொல்லாமல் விட்டதிலேயே ஆளை வேறு மாதிரி வரைந்துவிட்டார்கள். இந்த வகைத் தப்பைப் பட்டியல் போட்டுப் பிடிக்க முடியாது என்பதால்தான் அது ரொம்ப நாள் தப்பிக்கிறது.

கே: பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். மாணவர்கள் பாட்டை மனப்பாடமாகப் பாடுகிறார்கள், அது நடந்த வருஷம் கேட்டால் முழிக்கிறார்கள். வகுப்பில் இந்த நாடகங்களைக் காட்டலாமா?

ப: காட்டுங்கள். பாட்டு தெரிந்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. ஆனால் படம் போட்டுவிட்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடாதீர்கள், அதுதான் ஆபத்து. ஒரே ஒரு காட்சியை எடுத்து, அதற்குப் பக்கத்தில் நிஜ ஆவணத்தை வையுங்கள். ‘ஹாமில்டன்’ கடைசியில் அவரும் பர்ரும் மாற்றி மாற்றிக் கடிதம் எழுதுவது பாட்டாக வருகிறதே, அந்த 1804 கடிதங்கள் நிஜமாகவே இருக்கின்றன. எதை வெட்டினார்கள், எதை மென்மையாக்கினார்கள், ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வாஷிங்டனின் பிரியாவிடை உரையும் அப்படியே நிறைய வரிகளோடு அந்த நாடகத்தில் இருக்கிறது, அங்கே ஆவணமும் பாட்டும் ஒட்டிப் போகும். ஒட்டாத இடமும் ஒட்டிய இடமும் இரண்டையும் காட்டினால்தான் நாடகமென்றாலே பொய் என்ற எண்ணம் வராது.

கே: நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் நாட்டின் பழைய சம்பவம் ஒன்றை இசை நாடகமாக எழுதுகிறோம். எவ்வளவு வரை மாற்றலாம்? எல்லை எங்கே?

ப: காலத்தைச் சுருக்குங்கள். ஐந்து பேரை ஒருத்தராக்குங்கள், ஆனால் அந்த ஒருத்தருக்குக் கற்பனைப் பேர் வையுங்கள். கோழை வேண்டுமா, துரோகி வேண்டுமா, நீங்களே ஒருத்தரைப் பெற்றுக்கொள்ளுங்கள், வில்சன் மாதிரி நிஜ ஆள் தலையில் கட்டாதீர்கள். நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றும்போது ஒரு நிமிஷம் நின்று, இதனால் காரணமும் மாறிப்போகிறதா என்று பாருங்கள், அது தேதி மாற்றத்தைவிடப் பெரியது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: இசை நாடகத்தில் நாயகன் முதல் கால் மணி நேரத்துக்குள் தனக்கு என்ன வேண்டும் என்று பாடியாக வேண்டும் என்பது எழுதாத விதி. நிஜ மனிதர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமலேதான் பாதிச் சரித்திரத்தை நடத்தினார்கள். அந்த முதல் பாட்டில் நீங்கள் கொடுக்கும் தெளிவுதான் மிச்ச நாடகம் முழுக்கப் பொய்யை இழுத்து வரும்.

தகவலே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சோண்ட்ஹைம் இசையில் 1976-ல் வந்த ‘பசிபிக் ஓவர்ச்சர்ஸ்’ பாருங்கள். 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் ஜப்பானுக்கு வந்து கதவைத் தட்டிய கதை. ஒப்பந்தப் பேச்சு நடந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஜப்பானியர் தரப்புக் குறிப்பு இல்லை என்று கதைசொல்லி சொல்கிறார். உடனே ஒரு கிழவர் வருகிறார், நான் அங்கே இருந்தேன் என்கிறார். சின்னப் பையனாக மரத்தின் மேல் இருந்திருக்கிறார், பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. தரைக்கு அடியில் ஒரு போர்வீரன் ஒளிந்திருந்தான், அவனுக்குக் கேட்டது, பார்க்க முடியவில்லை. இரண்டு பேரும் கிடைத்த துண்டுகளை வைத்துப் பாடுகிறார்கள், உள்ளே பேசியது என்னவென்று கடைசி வரை நமக்குச் சொல்வதில்லை. இட்டுக்கட்டி ஒரு பேச்சுவார்த்தைக் காட்சி எழுத அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எழுதவில்லை. அந்தப் பாட்டுதான் அந்த நாடகத்திலேயே உயரம்.

கே: இவ்வளவு குறை சொல்கிறீர்களே, இதில் எதையாவது இன்னொரு தரம் பார்ப்பீர்களா?

ப: ‘1776’. வில்சன் வரும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வேன். நடுவில் அரை மணி நேரம் போல ஒரு பாட்டுகூட இல்லாமல் வாதம் மட்டும் ஓடும், சுவரில் பதின்மூன்று காலனிகளின் பேர் எழுதிய பலகை, பக்கத்தில் நாள்காட்டி. முடிவு என்னவென்று ஊருக்கே தெரியும், இருந்தும் அந்தப் பலகையில் ஓட்டு விழ விழ இந்தத் தடவை தோற்றுவிடுவார்களோ என்று இருக்கும்.